ஒரு பாடம் எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்?

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் ‘கணம்’ என்ற பாடம் 1970களில் ஒன்றாம் படிவத்தில் இருந்தது. 1989இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது அதை நான்காம் படிவத்துக்குத் தூக்கிவிட்டார்கள். 2017இல் இன்னொரு பாடத்திட்டம் வந்தது. கணத்தின் அறிமுகம் மறுபடி ஒன்றாம் படிவத்துக்கே இறங்கிவிட்டது. மூன்று கட்டத்திலும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் இரண்டும் பள்ளியில். மூன்றாவது, ஓய்வு பெற்ற பிறகு பிரிஞ்சாங்கில் என் வீட்டில் நடக்கும் டியூஷனில். அடிப்படை என்னவோ அதேதான். வட்டம் போட்டு, எது உள்ளே, எது வெளியே என்று காட்டுவது. அதை எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பதில்தான் மேலே இருந்தவர்களுக்கு அரை நூற்றாண்டாக ஒரு முடிவு கிடைக்கவில்லை.

பாடத்திட்டம் என்றால் என்ன பாடம் நடத்துவது என்ற பட்டியல் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். பட்டியலை யாரும் போட்டுவிடலாம். எது முதலில், எது பிறகு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் வேலையே இருக்கிறது. அந்த வேலை கோலாலம்பூரில் நடக்கும். அதன் பலன் தெரிவது இங்கே, பனி விலகாத காலையில் தோட்ட வேனிலிருந்து இறங்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தில்.

நான் 1955இல் பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். இந்த மலைக்கே பெரிய வயதில்லை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். அவர் பெயர்தான் மலைக்கு. ஆனால் நாற்பது ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை ஓய்வெடுக்கும் மலைநகரமாக ஆக்கும் பேச்சு சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை ஏறிவந்தது. அந்தச் சாலை வழியாகத்தான் எங்கள் தாத்தா பாட்டிமார் ஏறினார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஏறினார்கள். 1934இல் மிஸ் கிரிஃபித்-ஜோன்ஸ் இந்த மலையில் தாங்ளின் பள்ளியின் விடுதிக் கிளையைத் திறந்தார். 1951இல் பிரிட்டிஷ் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி தானா ராத்தாவில் வந்தது. இயற்கணிதமும் வடிவகணிதமும் அங்கே ஒலித்தன. அதே ஆண்டுகளில், ஒரு மேடு தள்ளி, எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருந்தது. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் பள்ளி இருந்தது. ஆறாம் வகுப்போடு அது முடிந்துவிடும். அதற்கு மேல் என்ன என்று சட்டம் சொல்லவில்லை.

அந்தப் பள்ளியின் கணக்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் கைவிரலில் நிற்கும்வரை வாத்தியார் விடமாட்டார். ஒரு பீக்கலுக்கு நூறு கட்டி, ஒரு கட்டிக்குப் பதினாறு தஹில். ஒரு கந்தாங்குக்கு நான்கு சுப்பாக். சந்தையில் அம்மா முட்டைக்கோஸ் வாங்கும்போது மூன்று கட்டி ஐந்து தஹிலோடு இரண்டு கட்டி பதின்மூன்று தஹிலைக் கூட்டி, ஆறு கட்டி இரண்டு தஹில் என்று கடைக்காரருக்கு முன்னால் சொல்லிவிடுவார். பதினாறு வந்தால் ஒன்று மேலே ஏறும். பல ஆண்டு கழித்து ஐந்தாம் படிவத்தில் ‘எண் அடிமானம்’ என்ற பாடத்தை நான் நடத்தியபோது, பட்டணத்திலிருந்து வந்த ஆசிரியர்கள் அது மாணவர்களுக்குப் புரிவதே இல்லை என்று புலம்பினார்கள். பள்ளிக்கூடமே போகாத என் அம்மா அதைத் தினமும் செய்துகொண்டிருந்தார்.

என் அண்ணன் 1961இல் ஆறாம் வகுப்பு முடித்தார். அப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. தோட்டப் பிள்ளைக்கு அது திறக்காத கதவு. மறு வாரமே தோட்டத்தின் காலை ஆள்பதிவான பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிட்டார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். அந்தத் தேர்வை 1964இல் எடுத்துவிட்டார்கள். 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம்வரை படிக்கலாம் என்று ஆனது. 1967இல் ஆறாம் வகுப்பு முடித்த எனக்கு, ஆறு ஆண்டு பிந்திப் பிறந்த ஒரே தகுதியில் இடம் கிடைத்தது.

நேராக ஒன்றாம் படிவம் இல்லை. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். மொழி பழகுவதற்கான ஆண்டு அது. எங்களுக்கு ஆங்கிலம். நாள் முழுக்க வாக்கியம், எழுத்துக்கூட்டல், வாசிப்பு. கணக்கு உண்டு, ஆனால் ஐந்தாம் வகுப்பில் பார்த்த பின்னமும் தசமமும்தான் ஆங்கில உடையில் வந்து நின்றன. அப்போது எனக்கு அது அவமானமாக இருந்தது. தெரிந்த கணக்கையே ஏன் திரும்பப் போடச் சொல்கிறார்கள்? ஆசிரியராக இருந்து பார்த்த பிறகுதான், அந்த ஓராண்டு என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல முடிகிறது. புது மொழியையும் புதுக் கணக்கையும் ஒரே நேரத்தில் என் தலையில் யாரும் ஏற்றவில்லை.

ஒன்றாம் படிவத்தில் நான் படித்தது பழைய கணிதம். அரித்மெட்டிக் தனி, அல்ஜீப்ரா தனி, ஜியாமெட்ரி தனி. தொட்டிக்குள் ஒரு குழாய் தண்ணீர் விடும், இன்னொரு குழாய் வெளியேற்றும். யூக்ளிட்டின் தேற்றங்களை மனப்பாடம் செய்து, கீழே ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். அந்த ஏற்பாட்டைத் திட்டுபவர்கள் நிறைய. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு: எது எதன்மேல் நிற்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். ஒரு தேற்றம் முந்தைய தேற்றத்தைப் பெயர் சொல்லி அழைக்கும். குறை வேறு இடத்தில். மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. தேர்வு. அதில் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்படிப் போன என் நண்பர்களில் ஒருவனுக்கும் வட்டிக்கணக்கைத் தவிர வேறெதுவும் கைகொடுத்திருக்காது. அதையும் பாதிப் பேர் பாதிதான் கற்றிருந்தார்கள்.

எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகளுக்குப் புத்தகமே மாறிவிட்டது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. மேற்கு நாடுகள் தங்கள் பள்ளிக் கணக்கு பழசாகிவிட்டது என்று பதறின. 1959இல் பிரான்சில் ரொயோமோன் என்ற இடத்தில் கூடிய மாநாட்டில் ழான் தியூடோனே என்ற கணிதவியலாளர், யூக்ளிட்டையே வெளியேற்ற வேண்டும் என்று முழங்கினார். 1961இல் இங்கிலாந்தில் பிரையன் த்வைட்ஸ் தலைமையில் எஸ்.எம்.பி. என்ற திட்டம் பிறந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு குழு ‘பள்ளிகளுக்கான நவீன கணிதம்’ என்று வரிசையாகப் புத்தகம் போட்டது. மலேசியா கீழ்ப்படிவங்களுக்கு ஸ்காட்லாந்துக்காரர்களையும் மேல்படிவங்களுக்கு எஸ்.எம்.பி.யையும் எடுத்துக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் அந்த அலை இங்கே ஏறிவந்தது. ஸ்காட்லாந்துப் புத்தகத்தின் முதல் பாடமே கணம்.

அந்தக் கணிதத்தை நான் ஆசிரியராகச் சந்தித்தது 1978இல். பயிற்சிக் கல்லூரி முடித்து, மேட்டுநிலத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்த முதல் ஆண்டு. இன்னொரு மாற்றமும் அதே ஆண்டில்தான் மூன்றாம் படிவத்தைத் தொட்டது. ஆங்கிலப் பள்ளிகளை 1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1976இல் ஒன்றாம் படிவம், 1978இல் மூன்றாம் படிவம். எல்.சி.இ. போய் எஸ்.ஆர்.பி. வந்தது. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் கணக்குப் படித்த நான் மலாயில் கற்பிக்க நின்றேன். அது தேசத்தின் முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. வகுப்பில் இருந்த தோட்டப் பிள்ளைகளும் என்னைப் போலவே ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து தாவினோம்.

அந்த வகுப்புகளில் ஒன்றைக் கவனித்தேன். ஒன்றாம் படிவத்தின் முதல் மாதத்தில், கணம் நடத்தும்போது, தானா ராத்தா கடைக்காரர் மகனுக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் வித்தியாசமே தெரியாது. யாருக்கும் ஆரம்பப்பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. யாருக்கும் அந்தச் சொற்கள் எந்த மொழியிலும் முன்பே தெரியாது. எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கினார்கள். அடுத்த பாடத்தில் தசமம் வந்ததும் தோட்டத்துப் பெண் பின்தங்கிவிடுவாள். தசமம் தெரியாமல் இல்லை. ‘பெர்புலுஹான்’ என்றால் தசமம்தான் என்பது தெரியாமல். நவீன கணிதத்தைக் கொண்டுவந்தவர்கள் இதையெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. அவர்கள் கவலை ஸ்புட்னிக். ஆனாலும் பலன் இங்கே விழுந்தது.

மற்றபடி அந்தக் கணிதம் ஓர் அயல்வீட்டு விருந்தாளியாகத்தான் இருந்தது. கணம், அணி, உருமாற்றம் எல்லாம் வந்தன. ஆனால் ஐந்தாம் படிவத்து மாணவன் இரண்டு பின்னத்தைக் கூட்டத் தடுமாறுகிறான் என்று உலகம் முழுக்க எழுந்த புகார் இங்கேயும் எழுந்தது. 1973இல் கல்வி அமைச்சு பாடத்திட்ட மேம்பாட்டு மையத்தை அமைத்தது. 1979இல் மகாதீர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவின் அறிக்கை வந்தது. அதன் வழியாக ஆரம்பப்பள்ளிக்கு 1983இல் கே.பி.எஸ்.ஆர்., இடைநிலைப்பள்ளிக்கு 1989இல் கே.பி.எஸ்.எம். வெளியூர்ப் புத்தகத்தை எடுத்து ஒட்டாமல், ஒன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம்வரை ஒரே கையால் வரையப்பட்ட முதல் திட்டம் இதுதான் என்று சொல்வேன். எண், வடிவம், தொடர்பு என்று மூன்றே பெரிய பிரிவு. கணிதம் எல்லாருக்கும் கட்டாயம். மேல்படிவத்தில் வேண்டியவர்களுக்குக் கூடுதல் கணிதம். பெயர் மாறியும் மக்கள் வாயில் மாறவில்லை, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கணிதத்தை ‘மோடர்ன் மேத்ஸ்’ என்றும் கூடுதல் கணிதத்தை ‘எட் மேத்ஸ்’ என்றும்தான் பிள்ளைகள் பின்னரும் சொன்னார்கள்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் பாகம் பாகமாக வந்தது. வட்டம் இரண்டாம் படிவத்தில். வட்டம் இரண்டு, மூன்றாம் படிவத்தில். வட்டம் மூன்று, நான்காம் படிவத்தில். உருமாற்றம் இரண்டிலும் மூன்றிலும் ஐந்திலும். ஒரே பாடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து ஒரு படி மேலே ஏறுவது. சுருள்படி மாதிரி. மனம் பழகப் பழகத்தான் கணக்கு நிற்கும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

1993இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்தது. பெயர் மாற்றமாகத் தெரிந்தாலும் எனக்கு அது பெரிய விஷயம். எஸ்.ஆர்.பி.யில் தோற்றவன் வெளியே போவான், பி.எம்.ஆர். வந்த பிறகு ஏறக்குறைய எல்லாரும் நான்காம் படிவத்துக்குப் போகலாம். மூன்றாம் படிவம் வாசற்கதவாக இருக்கும்வரை, வெளியே போகும் பிள்ளைக்குத் தேவையானதையெல்லாம் அதற்குள் திணிக்க வேண்டும் என்ற நியாயம் இருந்தது. கதவு நகர்ந்த பிறகு அந்த நியாயம் போய்விட்டது. ஆனால் சுமை போகவில்லை. 2000களில் மூன்றாம் படிவத்துக்கு 15 பாடங்கள் இருந்தன. கடைசிப் பாடம் திரிகோணமிதி. தேர்வு அக்டோபரில். பாடத்திட்டம் வகுத்தவர்கள் காலண்டரைப் பார்த்தார்களா என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழும்.

காலண்டரைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆண்டு முடிவில் கணித ஆசிரியர்கள் பாடக்குழுவான பனித்தியாவின் கூட்டம் போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆண்டுத் திட்டத்தை வகுப்போம். அமைச்சு கொடுத்த பாட வரிசையைக் கொண்டுவந்து மேசையில் விரிப்போம். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, விளையாட்டுப் போட்டி வாரம், மாதச் சோதனை, அரையாண்டுத் தேர்வு என்று கழித்துக்கொண்டே வந்தால் மீதி எவ்வளவு என்று பார்த்துப் பெருமூச்சு விடுவோம். மலைக்கென்று தனிக் கழிவும் உண்டு. மழைக் காலத்தில் சரிவு விழுந்து சாலை அடைபட்டால் பாதி வகுப்பு வராது. பண்டிகை விடுமுறையில் பிரிஞ்சாங்கில் வண்டி நகராது. அந்த நாட்களில் ஸ்ட்ராபெர்ரி விற்கப்போகும் பிள்ளைகளைத் திட்டுவதா, அவர்களின் கல்லாப் பெட்டிக் கணக்கைப் பாராட்டுவதா என்று தெரியாது.

பாட வரிசையை மாற்றலாமா என்பதில் ஆசிரியர்களுக்குள் சண்டை வரும். மாற்றக்கூடாது, மேலதிகாரி வந்து பார்ப்பார் என்பார் ஒருவர். ஒன்று முடிந்து ஒன்று என்று ஒழுங்காகப் போனால் போதும் என்பார் இன்னொருவர். நான் விகிதத்தை முன்னால் இழுக்கும் கட்சி. பச்சைக் கொழுந்து நாலைந்து கிலோ சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலைத்தூள். தேயிலை ஆலையான ஸ்டோருக்குள் போகும்போது இருந்த எடை வெளியே வரும்போது இருக்காது என்பது தோட்டப் பிள்ளைக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும். விகிதத்தை அதில் தொடங்கினால் ஒரு வாரம் மிச்சம். சரிவு விகிதமும் அப்படித்தான். சுங்கை பாலாஸ் தோட்டத்துச் சரிவைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கிடைத்தூரம், செங்குத்துத்தூரம் என்று எதையும் விளக்கத் தேவையில்லை. ஏறும்போது எந்த வரிசையில் மூச்சு வாங்கும் என்று கேட்டாலே போதும்.

கே.பி.எஸ்.எம்.இல் என் மனதுக்குப் பிடித்த பாடம் ஐந்தாம் படிவத்தில் இருந்தது: புவி ஒரு கோளம். அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மைல். பிரிஞ்சாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். அப்படியானால் நேர் தெற்கே 270 கடல் மைல் போனால் நிலநடுக்கோடு. பிள்ளைகள் இதைச் செய்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அடுத்த கேள்விதான் அவர்களை எழுப்பும்: நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது எத்தனை மணிக்கு? எல்லாரும் பன்னிரண்டு என்பார்கள். நம் தீர்க்கரேகை 101 பாகையும் கொஞ்சமும். நம் கடிகாரம் ஓடுவதோ 120 பாகைக்கான நேரத்தில். பதினெட்டரைப் பாகைக்கு மேல் வித்தியாசம், பாகைக்கு நான்கு நிமிடம். சராசரியாக ஒன்றேகால் மணிக்குத்தான் உச்சி. 1982 புத்தாண்டில் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தது. அதற்கு முன்பு பன்னிரண்டே முக்காலுக்கு. வயதான கொழுந்துக்காரப் பெண்கள் நிழலைப் பார்த்துச் சொல்லும் நேரத்துக்கும் ஆபீஸ் மணிக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு பையன் அன்றைக்குத் தானாகவே சொன்னான். 2017இல் தொடங்கிய திட்டம் இந்தப் பாடத்தை எடுத்துவிட்டது. முப்பரிமாணத்தில் கோடும் தளமும், திசைக்கோணமும் அதோடு போயின. எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

2003ஐப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; சுருக்கமாகப் போகிறேன். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று முதலாம் ஆண்டு, ஒன்றாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கினார்கள். எங்களுக்கு மடிக்கணினியும் திரைக்காட்டியும் குறுந்தகடும் வந்தன. ஆறு ஆண்டு தமிழில் கணக்குப் படித்து வந்த பிள்ளை அந்த ஜனவரியில் ஆங்கிலக் கணக்கின் முன் உட்கார்ந்தது. முதலாம் ஆண்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏற்றியிருக்கலாம். 1970இல் மலாய்க்கு மாற்றியபோது அப்படித்தான் செய்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று மாடியிலும் தொடங்கியதுதான் பிழை, ஆங்கிலம் அல்ல. 2009 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிடும் அறிவிப்பு வந்தது.

இப்போதைய கே.எஸ்.எஸ்.எம். திட்டத்துக்கு வருவோம். இது ஒன்றாம் படிவத்தில் 2017இல் தொடங்கியது. முறைப்படி நான் இதை நடத்தவில்லை. டியூஷன் பிள்ளைகளின் புத்தகங்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மூன்றாம் படிவத்தில் 15 இருந்த இடத்தில் இப்போது 9 பாடங்கள். பைதகரஸ் ஒன்றாம் படிவத்துக்கும், நிகழ்தகவும் நேர்கோட்டின் சரிவு விகிதமும் இரண்டாம் படிவத்துக்கும் இறங்கியிருக்கின்றன. சரிதான், பிள்ளைகளால் முடிகிறது. பயனீட்டாளர் கணிதம் என்று ஒரு புதுச் சங்கிலி: மூன்றாம் படிவத்தில் சேமிப்பு, முதலீடு, கடன், நான்கில் நிதித் திட்டம், ஐந்தில் காப்புறுதியும் வரியும். மோட்டார்சைக்கிளைத் தவணைக்கு வாங்கிவிட்டு வட்டியைப் பார்த்து மலைத்து நிற்கும் இளைஞர்களை இந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கிறேன். கடனை மூன்றாம் படிவத்தில் வைத்தவருக்கு என் கும்பிடு.

ஒரு குறை பெரியது. பழைய திட்டத்தில் மூன்றாம் படிவத்தில் வடிவொத்த உருவங்களும் உருப்பெருக்கமும் பத்தாவது பாடம், திரிகோணமிதி பதினைந்தாவது பாடம். சைன் என்பது ஏன் முக்கோணத்தின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை என்று பிள்ளை கேட்டால், வடிவொத்த முக்கோணத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். புதிய திட்டத்தில் திரிகோணமிதி மூன்றாம் படிவத்திலேயே இருக்கிறது. உருப்பெருக்கம் ஐந்தாம் படிவத்துக்குப் போய்விட்டது. காரணம் இரண்டு ஆண்டு பிந்தி வருகிறது. அதுவரை பிள்ளை கல்குலேட்டரை நம்ப வேண்டியதுதான். நல்லவேளை, திரிகோணமிதிக்கு நேர் முன்னால் அளவுத்திட்ட வரைபடம் என்ற பாடத்தை வைத்திருக்கிறார்கள். நான் அதை வடிவொத்த முக்கோணமாகவே மாற்றி நடத்திவிட்டு மறுநாள் சைனுக்குப் போகிறேன். விவரம் தெரிந்த ஆசிரியர் இப்படி ஒட்டிக்கொள்வார். தெரியாதவரிடம் படிக்கும் பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்யும்.

இன்னொரு குறை சிறியதாகத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பெரியது. கே.பி.எஸ்.எம். ஒன்றாம் படிவம் முழு எண், பின்னம், தசமம், விழுக்காடு என்று தொடங்கியது. ஆரம்பப்பள்ளியில் பார்த்ததையே திரும்பப் பார்ப்பது. பாதி ஆண்டு வீண் என்று பட்டணத்துப் பெற்றோர் எரிச்சல்பட்டார்கள். ஆசிரியர்களிலும் பலர் அதையே சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தப் பாதி ஆண்டு வேறு வேலை செய்தது. கணக்கு தெரிந்தது, மொழிதான் புதிது. தெரிந்த கணக்கின்மேல் புது மொழி வந்து ஒட்டிக்கொண்டது. என்னை 1968இல் காப்பாற்றிய புகுமுக வகுப்பின் வேலையை, யாரும் திட்டமிடாமலேயே, அந்தப் பாடங்கள் செய்தன. மலாயில் தேர்ச்சி பெற்றவர்கள் புகுமுக வகுப்பைத் தாண்டி நேராக ஒன்றாம் படிவத்துக்கு வரத் தொடங்கிய பிறகு, அதுதான் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே அவகாசம்.

புதிய திட்டம் அந்த மறுபார்வையைச் சுருக்கிவிட்டது. முழு எண்ணும் பின்னமும் தசமமும் ‘விகிதமுறு எண்’ என்ற ஒரே பாடத்துக்குள், குறை எண்ணோடு சேர்ந்தே வருகின்றன. கணிதமாகப் பார்த்தால் அழகான ஏற்பாடு. பெட்டாலிங் ஜெயாவில் அது சரியாக ஓடும். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே குறை எண்ணும் புது, அதைச் சொல்லும் மொழியும் புது. டியூஷனுக்கு வரும் பெண் ஒருத்தியின் அம்மா என்னிடம் கேட்டார்: “சார், ஆறாவதுல கணக்குல ஏ எடுத்த புள்ள, இங்க வந்து ரெண்டே மாசத்துல எப்படி சார் கணக்கே தெரியாதவளா ஆகும்?” அந்தப் பெண்ணுக்குக் கணக்கு தெரியாமல் போகவில்லை. அவள் நோட்டைத் திறந்து பார்த்தால் விடைகளுக்குப் பக்கத்தில் தமிழில் செய்முறை எழுதி அழித்த தடம் இருந்தது.

கணத்தை மறுபடி ஒன்றாம் படிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதைப் பதினோராவது பாடமாக வைத்திருக்கிறார்கள். 1970களில் இருந்ததுபோல் முதலில் வைத்தால், ஒரு மாதமாவது எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். அது எந்தப் பாடத்துக்காகவும் காத்திருக்கவில்லை. முன்னால் இழுத்தால் எதுவும் உடையாது. இதற்குக் கோலாலம்பூரின் அனுமதி தேவையில்லை. பள்ளியின் பனித்தியா கூட்டமே ஆண்டுத் திட்டத்தில் முடிவு செய்யக்கூடியது.

இந்த மலையிலும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வந்து சேரும் மற்ற ஊர்களிலும் ஒன்றாம் படிவத்துக்குக் கணக்கு நடத்தும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுத் திட்டம் வகுக்க உட்காரும் முன், பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய் ஆறாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எண்களும் படங்களும் உங்களுக்குப் புரியும். மீதியை அந்தப் பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, முதல் மூன்று வாரத்தை அதற்கேற்ப எழுதுங்கள்.